ஒத்திகை நாளின் வேந்தர்

எங்கள் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழாவுக்கு முந்தைய நாள் ஒத்திகை நடக்கும். அதில் வேந்தராக உட்காருபவர் தாசம்மாள். மற்ற நாட்களில் அவர் விழா மண்டபத்தைக் கூட்டித் துடைப்பவர்.

தற்காலிக எழுத்தராக நான் வேலைக்குச் சேர்ந்தபோது இதைச் சொன்னார்கள். புதியவனைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் கதை தெரிந்தது. பல வருடங்களுக்கு முன் மேடையில் மைக்கின் உயரத்தைச் சரிபார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது. அப்போதைய வேந்தர் குள்ளம். மேடையைத் துடைத்துக்கொண்டிருந்த தாசம்மாளும் அதே உயரம். நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தார்கள், பொருந்திவிட்டது. அதன்பின் வேந்தர்கள் மாறினார்கள், தாசம்மாளும் மைக்கும் மாறவில்லை. நெட்டையான வேந்தர்கள் எல்லோரும் குனிந்துதான் பேசினார்கள். அவர்களுடைய பணிவைப் பாராட்டிச் செய்தித்தாள்களில் எழுதினார்கள்.

தாசம்மாளுக்கு மார்த்தாண்டம் பக்கம். கணவர் செல்வமணி சாலைக் கம்போளம் என்கிற சந்தையில் மூட்டை சுமப்பவர். ஒத்திகை நாளில் காலையிலேயே அவர் ஆரம்பித்துவிடுவாராம், சான்சலருக்கு இன்றைக்குப் பழங்கஞ்சி போதுமா என்று. சான்சலர் குடித்ததுபோக மிச்சம் இருந்தால் உமக்கு, இல்லையென்றால் பட்டினி என்று தாசம்மாள் பதில் சொல்வாராம்.

விழாப் பிரிவின் அதிகாரி சுந்தரராமன் சார், கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் இருப்பவர். ஒத்திகையில் எது பிசகுகிறதோ அதுதான் மறுநாளும் பிசகும் என்பது அவர் கொள்கை. அதனால் எல்லாம் அசலைப் போலவே நடக்க வேண்டும். வேந்தர் உட்காரும்வரை யாரும் உட்காரக் கூடாது. விழா முடிந்தது என்று வேந்தர் ஆங்கிலத்தில் அறிவிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. வேந்தர் எழுந்து நடந்தால் எல்லோரும் வரிசையாகப் பின்னால் போக வேண்டும். மேடையில் தாசம்மாளின் முன் சுந்தரராமன் சார் தலை தாழ்த்திக் குனிவார். இறங்கியதும் அந்த மூலையில் ஒட்டடை இருக்கிறது என்று அவரிடமே காட்டுவார்.

அந்த வருடம் தாசம்மாளுக்கு ஒரு குறை இருந்தது. மண்டபத்தின் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை உண்டு. துப்புரவுப் பெண்கள் புடவை மாற்றுவதும் மத்தியானம் சாப்பிடுவதும் அங்கேதான். கதவுக்கு உள்தாழ்ப்பாள் உள்ள அறை அவர்களுக்கு அது ஒன்றுதான். அந்த அறையைக் காலி செய்து, வேந்தரின் நாற்காலியை வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஒத்திகைக்கும் விழாவுக்கும் மட்டும் வெளியே வரும் நாற்காலி. புதிதாக வெல்வெட் போட்டிருந்ததால் ஈரம் படக் கூடாதாம். பெண்கள் ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் போனார்கள். ஒருத்தி மாற்றும்போது இன்னொருத்தி சேலையைத் திரைபோல் பிடித்துக்கொண்டு நிற்பாள். தாசம்மாள் பலமுறை முறையிட்டார். ஒவ்வொரு முறையும் சுந்தரராமன் சார் சொன்ன பதில் ஒன்றுதான். அது வேந்தரின் நாற்காலி, அதற்கு வேறு இடம் வேண்டுமென்றால் வேந்தர்தான் சொல்ல வேண்டும்.

ஒத்திகை தொடங்கியது. பதிவாளரும் டீன்களும் கனத்த அங்கிகளோடு மேடையில் இருந்தார்கள். ஏசி மறுநாளுக்குத்தான் என்பதால் எல்லோருக்கும் வியர்த்து ஊற்றியது. பட்டதாரிகளின் இடத்தில் ஊழியர்கள் உட்கார்ந்தோம். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. அப்பா தம்பானூரில் ஹோட்டலில் பரோட்டா போடுகிறார். என் உண்மையான பட்டம் தபாலில் வந்தது, பக்கத்து வீட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்தார்கள். இங்கே என் பெயரை அழைத்தபோது மேடையேறி தாசம்மாளிடம் வெறும் அட்டையை வாங்கினேன். "நல்லா வரணும் மக்களே" என்றார், பெற்ற பிள்ளையிடம் சொல்வதுபோல. எனக்குப் பெருமையாக இருந்தது. வெறும் அட்டைக்கு ஏன் அப்படி இருந்தது என்று இருக்கைக்குத் திரும்பும்போதே என்னைக் கேட்டுக்கொண்டேன்.

கடைசியில் வேந்தர் முடிவை அறிவிக்க வேண்டும். வருடாவருடம் அந்த ஆங்கில வாக்கியத்தைத் தாசம்மாள் தடங்கலே இல்லாமல் சொல்பவர். அன்று மைக்கின் முன் அதைச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். சுந்தரராமன் சார் விதிப்படி குனிந்து அருகில் போனார். மைக் திறந்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"தாசம்மா, நாழியாறது. சொல்லிடும்மா."

"சொல்லலாம் சாரே. அதுக்கு மின்ன ஒரு காரியம். நான் இருக்குற இந்தக் கசேரயை மாடிப்படிக்குக் கீழ உள்ள எங்க முறியிலேருந்து மாத்தணும். சான்சலர் சொன்னா போதும்னு சார்தானே சொன்னீங்க?"

"இது ஒத்திகை. இங்க நீ சொல்றது எதுவும் செல்லாது."

"அப்ப நான் முடிஞ்சதுன்னு சொல்லதும் செல்லாதுல்லா. எதுக்குக் காத்துக் கிடக்கிய? எந்திச்சுப் போங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. டீன்களில் ஒருவர் மட்டும் பாதி எழுந்தார். சுந்தரராமன் சார் பழக்கதோஷத்தில் திரும்பி, வேந்தர் இன்னும் அறிவிக்கவில்லை என்றார். டீன் மன்னிப்புக் கேட்டு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேதான் இருந்தேன். தாசம்மாளுக்காக இருந்தேனா, விதிக்குப் பயந்து இருந்தேனா, எனக்கே தெரியவில்லை.

பதிவாளர் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டு, சாவியைக் கொடுத்துத் தொலைக்கும்படி சொன்னார். உத்தரவு இல்லாமல் எப்படிக் கொடுப்பது என்று சுந்தரராமன் சார் திகைத்தார்.

"ஒத்திகையாகக் கொடுங்கள்" என்றார் பதிவாளர்.

சுந்தரராமன் சாரின் முகம் தெளிந்தது. ஒத்திகையாக எதையும் செய்யலாம். சாவியைத் தட்டில் வைத்து, குனிந்து நீட்டினார். நாற்காலியை விழா முடிந்ததும் பதிவாளரின் முன்னறையில் வைப்பதென்றும் முடிவானது. அதுவும் ஒத்திகையாகத்தான்.

தாசம்மாள் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வேந்தர் எழுந்ததால் எல்லோரும் எழுந்தோம். அவர் நடந்ததால் பின்னால் நடந்தோம். பதிவாளர், டீன்கள், பட்டதாரிகளாகிய நாங்கள் என்று வரிசை மண்டபத்தைத் தாண்டி, மாடிப்படியைச் சுற்றி, அந்தக் கதவின் முன் போய் நின்றது. தாசம்மாள் பூட்டைத் திறந்தார். ஜெனரேட்டர் கொட்டகையிலிருந்து அஜிதாவும் மற்ற துப்புரவுப் பெண்களும் வந்து தாசம்மாளோடு உள்ளே போனார்கள். தாழ்ப்பாள் விழுந்தது.

வரிசை கலையவில்லை. முடிவு இன்னும் அறிவிக்கப்படவில்லையே. சுந்தரராமன் சார் கதவைத் தட்டி, அந்த ஒரு வாக்கியம் மட்டும் பாக்கி என்று தயவாக நினைவூட்டினார்.

"துணி மாத்துகோம் சாரே. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

ஊர்வலம் அப்படியே பின்னோக்கி நகர்ந்து முற்றத்தில் நின்றது. கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. முதலில் ஓடியவர் பதிவாளர். மழைக்கு ஒதுங்கியவர்கள் அங்கிருந்தே வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் உண்மையான வேந்தர் வந்தார், மைக்குக்குக் குனிந்தார், விழாவை முடித்து வைத்தார். நாற்காலி பதிவாளரின் முன்னறைக்குப் போனது. அதில் யாரும் உட்காரக் கூடாது, வேறு நாற்காலி போடவும் இடம் இல்லை. அவரைப் பார்க்க வருபவர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். அவரே ஒருக்களித்துத்தான் தன் அறைக்குள் நுழைகிறார்.

ஒத்திகை மட்டும் இன்னும் முடியவில்லை. முடிந்தால், ஒத்திகையாகக் கொடுத்த சாவி திரும்பி வர வேண்டும். இதோ அடுத்த வருடத்து ஒத்திகை நெருங்கிவிட்டது. பழையது முடியாமல் புதியதைத் தொடங்கலாமா என்று விழாப் பிரிவில் கூட்டம் போட்டார்கள். முடிவு எட்டாமல், தாசம்மாளிடம் பேசிப் பார்க்க என்னை அனுப்பினார்கள்.

அறைக்கு வெளியே கொடியில் சீருடையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். இடுப்பில் சாவி தொங்கியது. வந்த விஷயத்தைச் சொன்னேன். ஈரத் துணியை ஒருமுறை உதறினார்.

"அந்த இங்கிலீஷ் எனக்கு மறந்து போச்சு மக்களே."