கீறல் விழாத பன்னிரண்டு முகமூடிகள்

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவளுடைய அம்மாவும் வங்கிக்காரர்களும் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவள் பூதக்கண்ணாடி அக்கா. கழுத்தில் ஒரு விசிலும் சட்டைப் பையில் ஒரு மடக்குப் பூதக்கண்ணாடியும் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. கணவர் அந்தப் பெயரையும் பாதியாக நறுக்கிப் ‘பூதம்’ என்று கூப்பிடுவார். கட்டிக்கொண்ட மனிதர், போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

பலகைக் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் இருவரும் சேர்ந்து ஒரு பெயின்ட்பால் மைதானம் நடத்துகிறார்கள். காற்றழுத்தத் துப்பாக்கியால் சாய உருண்டைகளை ஒருவர் மேல் ஒருவர் சுட்டுக்கொள்ளும் ஆட்டம். வாரம் முழுக்க மேலாளர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து, அதே மேலாளரின் முதுகில் மஞ்சள் சாயத்தை அப்பிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். உருண்டை தோலில் பட்டால் கன்றிப்போகும். கண்ணில் பட்டால் கண் போய்விடும். அதனால் அங்கே ஒரே சட்டம்தான்: மைதானத்தைச் சுற்றிக் கட்டிய வலைக்கு உள்ளே இருக்கும்வரை முகமூடியைக் கழற்றக் கூடாது. மூக்கு அரித்தால் அரித்துக்கொண்டே இருக்கட்டும்.

புதுச் சாமான் வாங்க அவர்களுக்குக் கட்டாது. எல்லாம் கைமாறி வந்தவைதான். வாங்கும் பொறுப்பு அவளுடையது, ஏனென்றால் கணவர் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். அவள் அதற்கு முன்னால் பதினோரு வருடம் ஒரு தையல் தொழிற்சாலைக்குப் பழைய இயந்திரங்கள் வாங்கிக் கொடுத்தவள். அங்கே பழகிய கண் இங்கேயும் கைகொடுத்தது.

ஒருமுறை கார் விற்கும் கடையில் வேலை செய்யும் ஆள் ஒருவர் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்தார்.

“ரெண்டே ரெண்டு தடவைதான் ஆடினேன், அக்கா. புத்தம் புதுசு.”

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதலில் திருகாணிகளின் தலை. எலி கடித்த மாதிரி இருந்தது. பிறகு குழலுக்குள் வெள்ளைத் துணியைச் சுருட்டி விட்டு இழுத்தாள். பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது, புளித்த நாற்றத்தோடு.

“ரெண்டு தடவை ஆடினவருக்கு இதை இத்தனை வாட்டி பிரிக்க வேண்டிய வேலை என்ன வந்தது? உள்ளே உருண்டை ஒடஞ்சு மாசக்கணக்கா ஊறிக் கெடக்கு. எனக்குச் சின்ன வயசுலயே காது குத்திட்டாங்க, தம்பி. மறுபடியும் குத்தாதீங்க.”

காற்று உருளை என்றால், கடைசியாக அழுத்தச் சோதனை செய்த தேதி அதன் கழுத்தில் பொறித்திருக்கும். கெடு தாண்டியிருந்தால் தொடக்கூட மாட்டாள். கசிவு பார்க்க உதட்டை நனைத்து இணைப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோவாள். துளி காற்று கசிந்தாலும் சில்லென்று தெரிந்துவிடும். துப்பாக்கி என்றால் விசையை ஆட்டிப் பார்ப்பாள். பிடியில் எந்த விரல் படும் இடம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பாள். மனிதர்கள் அளந்துவிடுவார்கள், இரும்புக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அவளுடைய கட்சி. இத்தனை வருடத்தில் ஒரு தடவையும் ஏமாந்ததில்லை. அந்த விஷயத்தில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, அதை மறைக்க அவள் பெரிதாக மெனக்கெட்டதும் இல்லை.

போன மாதம் இன்னொரு மைதானத்தை மூடினார்கள். நடத்தியவர் ஒரு பழைய பஸ் டிரைவர். இடத்துக்காரர் கட்டடம் கட்டப் போகிறார் என்பதால் காலி செய்ய வேண்டியதாயிற்று. சாமான்களைப் பார்க்கக் கணவனும் மனைவியும் அவர் வீட்டுக்குப் போனார்கள். பின்கட்டு அறையில் எல்லாம் வரிசையாக இருந்தன. துப்பாக்கிகளுக்கு அளவாக எண்ணெய் போட்டிருந்தது. உதிரி வளையங்கள் தனித்தனி டப்பாவில். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து, இரண்டை மட்டும் வேண்டாம் என்று ஒதுக்கினாள். டிரைவர் முகம் கோணாமல், “அது ரெண்டும் எனக்கே தெரியும்மா, சரியா புடிச்சிட்டீங்க” என்றார்.

முகமூடிகள் பன்னிரண்டும் தனித்தனித் துணிப்பையில் இருந்தன. டிரைவரின் மனைவி தைத்த பைகள். அந்த அம்மாவே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

“ஆட்டம் முடிஞ்சு வந்ததும், ஜன்னலுக்கு அடிக்கிற ஸ்ப்ரே போட்டு நான்தான் தொடைப்பேன். ஒரு பொட்டு அழுக்கு விட மாட்டேன்.”

அவள் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஒரு கீறல் இல்லை. இன்னொன்றை எடுத்தாள், அதிலும் இல்லை. எத்தனையோ பேரின் எச்சிலும் சேறும் காய்ந்த முகமூடிகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன மனதுக்கு அது குளிர்ச்சியாக இருந்தது. பூதக்கண்ணாடி பையிலேயே இருந்தது.

“பொருளை இப்படித்தாம்மா வெச்சுக்கணும்” என்றாள்.

கணவர் அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். “என்ன பூதம், குத்தமே கண்டுபிடிக்கலை? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஓர் அச்சகத்தின் ஆட்கள் பத்துப் பேர் வந்தார்கள். கணவர்தான் நடுவர். பதினோரு பேரும் புதிதாக வந்த முகமூடிகளைப் போட்டுக்கொண்டு வலைக்குள் போனார்கள். பன்னிரண்டாவதில் பின்பட்டை தொய்ந்திருந்ததால், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவள் அதை மாற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே ‘படபட’வென்று ஆட்டம் சூடு பிடித்திருந்தது. கொக்கியைக் கழற்றக் கட்டைவிரலால் முகமூடியின் பிளாஸ்டிக் கண்ணாடி ஓரத்தை அழுத்தினாள்.

டிக்கென்று ஒரு சத்தம். ஓரம் உடைந்து கையோடு வந்துவிட்டது.

அவள் அப்போதுதான் பூதக்கண்ணாடியை எடுத்தாள். கொக்கி மாட்டும் துளையிலிருந்து உள்பக்கமாக மயிரிழை போலக் கோடுகள், பத்துப் பதினைந்து. முகர்ந்து பார்த்தாள். ஜன்னல் ஸ்ப்ரே வாசனை. மைதானம் ஆரம்பித்த புதிதில் வாங்கிய முகமூடிகளின் அட்டையில் ‘தண்ணீரும் மெல்லிய துணியும் மட்டும்’ என்று போட்டிருந்தது. அன்று முதல் அப்படித்தான் துடைத்தாள். துடைத்துத் துடைத்து, எதற்கு அப்படி என்பதையே மறந்துபோயிருந்தாள். அந்த ஸ்ப்ரே இந்தப் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். மேலே பளபளப்பாகத்தான் இருக்கும். அந்த அம்மா வாய்விட்டுச் சொன்னதை இவள் காது கொடுத்துக் கேட்டுமிருந்தாள்.

உள்ளே பதினோரு பேர், இருபத்திரண்டு கண்கள்.

விசிலை மூன்று தடவை ஊதினாள். சுடுவது நின்றது. டயர் அடுக்குக்குப் பக்கத்தில் நின்ற கணவர் திரும்பிப் பார்த்தார். அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, முகமூடியோடு பேச வராது. என்ன என்று கேட்பதற்காகக் கை தானாகத் தாடைப் பக்கம் போனது.

“கழட்டாதீங்க! யாரும் கழட்டாதீங்க! முதல்ல உறையைப் போடுங்க!”

குண்டு நிரப்பிய பத்துத் துப்பாக்கிகள் உள்ளே இருந்தன. அவற்றின் வாய்க்கு உறை மாட்டும்வரை எவர் விரலும் தவறலாம். முகமூடியை நம்ப முடியாது என்றுதான் விசில் ஊதினாள். அதையே போட்டுக்கொண்டு நில்லுங்கள் என்று தொண்டை கிழியக் கத்துவதும் அவள்தான். வலையைப் பிடித்துக்கொண்டு உறைகளை எண்ணினாள். ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவது ஆள், மெஷின் ஓட்டுபவர், உறையைத் தேடி ஒவ்வொரு பையாகத் துழாவினார். கைக்குட்டை வந்தது. சாவிக்கொத்து வந்தது. சீப்பு வந்தது. அவர் தலையில் சீவுவதற்கு ஒன்றும் கிடையாது என்பது வேறு விஷயம். கடைசியில் உறை அவர் காலடியிலேயே கிடந்தது.

எல்லோரும் வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

“என்ன ஆச்சு, பாம்பா?” என்றார் கணவர்.

“பாம்பு இல்லை. என் புத்திதான்.”

அவர் கழற்றிய முகமூடியை வாங்கி, கண்ணாடியைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினாள். அது நடுவாகவே பிளந்தது. கணவர் அதைப் பார்த்தார். எதற்கும் ஒரு கேலி கையிருப்பில் வைத்திருக்கும் மனிதர், இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

அச்சகத்துக்காரர்களிடம் அவள் பூசி மெழுகவில்லை. நான் வாங்கினது, நான் சரியாகப் பார்க்கவில்லை, பழைய முகமூடிகள் ஏழுதான் இருக்கின்றன, நடுவருக்கு ஒன்று போக மூன்று மூன்று பேராகத்தான் ஆட முடியும் என்றாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் யாருக்கும் கண் போகவில்லை. அதற்கு எத்தனை வெட்கமும் படலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. டிரைவர் வீட்டுக்குப் போன் செய்தாள். அந்த அம்மாதான் எடுத்தார்.

“அம்மா, அந்த முகமூடிங்க உடையுதும்மா. எல்லாமே.”

“என்னம்மா சொல்றீங்க? ஒவ்வொண்ணையும் கண்ணு மாதிரி பார்த்துக்கிட்டேனே!”

“அந்த ஸ்ப்ரே அதுக்கு ஆகாதும்மா. உள்ளுக்குள்ள விரிசல் விட்டுடும். நீங்க அன்னைக்கே சொன்னீங்க, நான்தான் கேட்டும் விட்டுட்டேன்.”

“அப்ப… நான் தொடச்சதாலயா?”

இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

“ஆமாம்மா.”

அந்தப் பக்கம் அடுத்து வந்த குரல் வேறு குரலாக இருந்தது.

“அவருக்குன்னு ஒண்ணு எடுத்து வெச்சிருந்தோம். யாரோ ஆடக் கூப்பிட்டாங்கன்னு இப்பதான்… இப்பதான் தொடச்சுக் கையில கொடுத்தேன்.”

போன் மேஜையில் விழுந்தது. ஓடும் செருப்புச் சத்தம். தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் உறுமத் தொடங்கியது. “என்னங்க! என்னங்க, நில்லுங்க!” உறுமல் நிற்கவில்லை. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இங்கிருந்து அவளால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. “என்னங்க!”

உறுமல் நின்றது.

வாசல் கதவு கிறீச்சிட்டது. டிரைவரின் அலுத்த குரல் கேட்டது. “இப்ப என்னத்தை மறந்துட்டேன்?”

“ஒண்ணும் மறக்கலை. அதை இப்படிக் குடுங்க” என்றார் அந்த அம்மா. பிறகு விம்மி விம்மி அழுதார்.

பூதக்கண்ணாடி அக்கா போனை வைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்தாள். கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் கைக்குட்டையை நீட்டினார்.