லட்டுக்காகப் போட்ட மாத்திரை

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு வார்க்கும் கம்பெனி ஒன்றில் கஜபதி பதினாறு வருஷமாக கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். தரையிலிருந்து முப்பதடி உயரத்தில் கூரையை ஒட்டி ஒரு இரும்புக் கூண்டு. அதில்தான் அவருடைய உத்தியோகம். ஏணியில் ஏறி உள்ளே உட்கார்ந்துவிட்டால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். கீழே நிற்கும் வேம்புலி சரக்குக்குச் சங்கிலி மாட்டிவிட்டுக் கையைக் காட்டுவான். விரலைச் சுழற்றினால் தூக்க வேண்டும், உள்ளங்கையை விரித்தால் நிறுத்த வேண்டும். அங்கே இருக்கும் இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. அதனால் இரண்டு பேரும் பத்து வருஷமாகக் கையாலேயே பேசிக்கொண்டார்கள்.

அந்தக் கூண்டின் மேல் கஜபதிக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் அல்ல. அயப்பாக்கத்தில் அவருடைய தெருவில் கம்பெனிக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் ஐந்து டன் இரும்பைப் பூ மாதிரி இறக்கி வைக்கிறவர் இவர் ஒருவர்தான் என்று அவரே எல்லோரிடமும் சொல்லுவார். கேட்காதவர்களிடமும் சொல்லுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் அவருக்கு சர்க்கரை என்று தெரிந்தது. தாகம் தாகம் என்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். காலில் செருப்பு கடித்த புண் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. மனைவி லோகநாயகி விடாமல் இழுத்துப்போய் அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு டாக்டரிடம் காட்டினாள். அவர் காலைக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். போட்டு அரை மணிக்குள் சாப்பிட வேண்டும், சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது, கூடக்குறைய நீங்களாகப் போடக் கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து ரத்தம் பார்க்க வேண்டும் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லியனுப்பினார். நம்முடைய ஆள் அதில் மாத்திரையை மட்டும்தான் காதில் வாங்கினார். மாத்திரை ஒழுங்காகப் போனது. டாக்டரிடம்தான் அதற்குப் பிறகு போகவில்லை. பழைய அட்டையை மருந்துக் கடையில் நீட்டி அதேபோல் வாங்கிவந்து இரண்டு வருஷம் ஓட்டினார்.

கம்பெனியில் மூச்சு விடவில்லை. அதற்குக் காரணம் சம்பத். அவரும் கிரேன்காரர்தான். ஒருநாள் தலைசுற்றுகிறது என்று வாய்தவறிச் சொன்னார், மறுநாளே கீழே இறக்கி ஸ்டோரில் உட்காரவைத்துவிட்டார்கள். ஆணியும் போல்ட்டும் எண்ணிக்கொண்டு சுருங்கிப்போன அவரைப் பார்க்கும்போதெல்லாம் கஜபதி, தெரிந்தால் தனக்கும் அதே கதிதான் என்று நினைத்துக்கொள்வார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று லோகநாயகியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இதற்கு நடுவில் தானாகவே ஒரு வைத்தியமும் கண்டுபிடித்திருந்தார். கல்யாணம், காதுகுத்து என்றால் அன்றைக்குக் காலையில் ஒரு மாத்திரைக்கு இரண்டாகப் போட்டுக்கொள்வார். இனிப்புக்கு ஈடு கட்டியாகிவிட்டதாம். பிறகு ஜாங்கிரி, பாயாசம் எல்லாவற்றையும் ஒரு கை பார்ப்பார். லோகநாயகி திட்டினால், கணக்குத் தெரியாதவள் பேசாதே என்பார். இந்த மகா புத்திசாலித்தனம்தான் எண்பத்தெட்டில் ஆளைக் கவிழ்த்தது.

எஸ்டேட்டில் ஆயுத பூஜையை, லீவு நாளுக்கு முந்தின நாளே கம்பெனியில் கொண்டாடிவிடுவார்கள். மெஷின்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, குடும்பத்தோடு வருவார்கள். ஆளுக்கொரு பொட்டலம் பொரி கடலை, இரண்டு லட்டு. கிரேனுக்குப் பூஜை போடுவது கஜபதியின் உரிமை. விடியற்காலையில் தலைக்குக் குளித்து, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் ஏணியில் ஏறி, கூண்டுக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு இறங்கித்தான் வாயில் எதையும் வைப்பார்.

அன்றும் அப்படித்தான். ஆறரை மணிக்கு மாத்திரையைப் போட்டார். லட்டு இருக்கிறதே என்று இன்னொன்றையும் போட்டார். மாத்திரையை விழுங்கிய அந்த வாய்த் தண்ணீர் மட்டும் விரதத்தில் சேர்த்தி இல்லை என்று அவரே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். ஒன்பது மணிக்குப் பூஜை, ஒன்பதரைக்குச் சாப்பிட்டுவிடலாம் என்று நினைப்பு.

முதலாளி வந்தால்தான் பூஜை. முதலாளிக்கோ இன்னும் இரண்டு கம்பெனிகள். ஒன்பது பத்தாயிற்று, பத்து பதினொன்றாயிற்று. கஜபதிக்கு முதலில் கை நடுங்கியது. புதுச்சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வேர்த்தது. பிறகு காரணமே இல்லாமல் கோபம் வந்தது. வாழைக்கன்றைக் கோணலாகக் கட்டியதற்காக வேம்புலியைப் பத்துப் பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசினார். நாக்கு குழறியது. நாலு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நல்ல நாளும் அதுவுமாகக் காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார் என்று நினைத்தார்கள். வேம்புலிக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. ஆனால் பத்து வருஷத்தில் அவர்மேல் ஒருநாளும் அந்த வாசனை வந்ததில்லையே என்று அவனுக்கு மனம் ஒப்பவில்லை.

பதினொன்றே காலுக்கு முதலாளியின் கார் வந்தது. மேளம் அடித்தது. கஜபதி தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு ஏணியில் ஏறினார். பத்துப் படிகூட ஏறியிருக்க மாட்டார். கண் இருண்டது. தட்டு நழுவிக் கீழே விழுந்து குங்குமம் தரையெல்லாம் கொட்டியது. அவர் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

வேம்புலி ஒன்றும் யோசிக்கவில்லை. பின்னாலேயே ஏறிப்போய்த் தன் மார்பால் அவரை ஏணியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டான். இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். படி படியாகக் காலை எடுத்து வைத்து இறக்கினார்கள். தரையில் உட்காரவைத்தால் கஜபதி எங்கோ பார்த்துக்கொண்டு முனகினார். போர்மேன் ராஜசேகரன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, குடித்த ஆளை முதலில் வெளியே கூட்டிப்போங்கள் என்றார்.

பெண்கள் வரிசையில் நின்றிருந்த லோகநாயகிக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தது. சத்தியம் செய்தது ஞாபகம் வந்தது. சம்பத்தின் ஸ்டோரும் ஞாபகத்துக்கு வந்தது. வாயைத் திறந்தால் பதினாறு வருஷத்துக் கூண்டு போய்விடும் என்பது அவளைவிட வேறு யாருக்குத் தெரியும்? கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து நடுவில் நின்றாள்.

"குடிக்கல சார். அவுருக்கு சக்கர கீது. ரெண்டு மாத்திர போட்டுகினு பட்டினியா கீறாரு. யாராவது சக்கர குடுங்க."

டீ போடுகிறவர் டம்ளர் தண்ணீரில் கை நிறையச் சர்க்கரையைக் கலக்கிக் கொண்டுவந்தார். லோகநாயகி கணவரின் முகத்தை நிமிர்த்தி, முதல் மடக்கை விழுங்குகிறாரா என்று பார்த்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். கால் மணி நேரத்தில் கஜபதி கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் தன்னையே பார்ப்பது தெரிந்தது. லோகநாயகி அழுகிற அழுகையைப் பார்த்ததும் விஷயம் வெளியே வந்துவிட்டது என்றும் தெரிந்தது.

தேறிவிட்டேன், வீட்டுக்குப் போகிறேன் என்று முரண்டு பிடித்தவரைக் கம்பெனி வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அது நல்லதாயிற்று. இந்த மாத்திரையின் பிடி லேசில் விடாது, ஒருமுறை ஏறிய சர்க்கரை திரும்பவும் இறங்கும் என்று சொல்லி டாக்டர் பத்மா அவரை மறுநாள் வரை படுக்கையில் வைத்திருந்தார். சொன்னபடியே சாயங்காலம் மறுபடி இறங்கியது. கையில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றியிருந்ததால் பிழைத்தார்.

மறுநாள் டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். இரண்டு வருஷமாக ரத்தம் பார்க்காததற்கு ஒரு திட்டு, பழைய அட்டைக்கு ஒரு திட்டு. லட்டுக் கணக்கைக் கேட்டபோது மட்டும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"லட்டு சாப்பிடறதுக்கு அபராதமா போடறதில்லைங்க மாத்திரை. ஒரு நாள் சாப்பாட்டுக்கு இவ்வளவுன்னு பார்த்துக் குடுக்கறது. சாப்பாடு இல்லன்னா உங்களையே சாப்பிட்டுடும்."

விரதம் இருக்கிற நாள் என்றால் முன்கூட்டியே தன்னை வந்து கேட்க வேண்டும் என்றார். வேர்த்து, கை நடுங்கி, கோபம் வந்தால் உடனே சர்க்கரையை வாயில் போட வேண்டும், சட்டைப் பையில் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்க வேண்டும், கூட வேலை செய்கிறவர்களிடம் கட்டாயம் சொல்லி வைக்க வேண்டும் என்றார். மாத்திரையையும் மாற்றினார். இது அவ்வளவு வேகமாக இறக்காது, ஆனால் இதையும் சாப்பாட்டோடுதான் போட வேண்டும் என்றார். உயரத்தில் ஏறி வேலை செய்கிற ஆள் என்பதால் ஆறு மாதம் தரையில்தான் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று கம்பெனிக்குக் கடிதமும் எழுதினார்.

கஜபதி ஒரு வாரம் லோகநாயகியோடு பேசவில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிடுவார், முகத்தைப் பார்க்க மாட்டார். எட்டாம் நாள் அவளே ஆரம்பித்தாள்.

"நா வாய மூடிகினு இருந்திருந்தா உன் கிரேனு இருந்திருக்கும். நீ இருந்திருக்க மாட்டே. எனக்கு நீதான் வேணும், இன்னா பண்ணுவ?"

தப்பு என்னுதுதான் என்று கஜபதி சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார். அன்றைக்கு இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கினார்.

ஆறு மாதம் வேம்புலியோடு தரையில் நின்று சங்கிலி மாட்டினார். மேலே வேறொரு ஆள் ஓட்டினான். சரக்கு ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்து இவருக்கு வயிறு எரியும். ஆனால் மாதாமாதம் ரத்தம் பார்த்தார். ஆளுக்கு ஆள் போய்த் தன் பையில் இருக்கும் சர்க்கரைப் பொட்டலத்தைக் காட்டி, நான் காரணமில்லாமல் சண்டைக்கு வந்தால் இதை வாயில் போடுங்கள் என்று சொன்னார். காரணத்தோடு வந்தால் என்ன செய்வது என்று வேம்புலி கேட்டான். ஒளித்து வைத்திருந்தபோது இருந்த பயம் இப்போது இல்லை என்பதே கஜபதிக்கு ஆச்சரியமாக இருந்தது. இன்னும் வியப்பு, சம்பத்தே ஸ்டோரிலிருந்து வந்து, எனக்கும் அதேதான், எந்த டாக்டர் என்று கேட்டது.

எண்பத்தொன்பது சித்திரையில் டாக்டரம்மாவின் கடிதம் வந்தது. ராஜசேகரன் அதை இரண்டு முறை படித்தார். வேளைக்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும், மாதாமாதம் ரத்தம் பார்த்த சீட்டைத் தன்னிடம் காட்ட வேண்டும், சாப்பிட்டாரா என்று பார்க்கிற பொறுப்பு வேம்புலியுடையது என்று சொல்லி அனுப்பினார்.

கஜபதி ஏணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். கூண்டில் உட்கார்ந்து நெம்புகோலைப் பிடித்துக் கீழே பார்த்தார். சங்கிலி மாட்டியாகிவிட்டது. வேம்புலி கையைத் தூக்கினான். ஆனால் விரலைச் சுழற்றவில்லை. ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, அண்ணாந்து பார்த்தபடி நின்றான்.

பத்து வருஷத்தில் இல்லாத சைகை. கஜபதிக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் கண் கலங்கிவிட்டது. காலையில் சாப்பிட்டுவிட்டுக் கூடவே கொண்டுவந்திருந்த டிபன் டப்பாவைத் திறந்து, ஒரு பருக்கைகூட இல்லாமல் வழித்துச் சாப்பிட்டிருந்ததைக் கூண்டுக்கு வெளியே கவிழ்த்துக் காட்டினார்.

அதைப் பார்த்த பிறகுதான் வேம்புலி விரலைச் சுழற்றினான். சரக்கு ஆடாமல் மேலே வந்தது.