மூளையைத் திறந்துவைத்துக் காப்பிக் கொட்டை பொறுக்கினேன்

சில வருடங்களுக்கு முன், ஒரு தை மாதம். ஏற்காட்டில் காப்பி சீசன் மும்முரமாக இருந்தது. எஸ்டேட் கொட்டகையில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து, காப்பிக் கொட்டையில் கறுத்ததையும் உடைந்ததையும் பொறுக்கிக்கொண்டிருந்தோம். திடீரென்று என் வலது கை தானாகத் துடிக்க ஆரம்பித்தது. நிறுத்தப் பார்க்கிறேன், நிற்கவில்லை. தட்டில் இருந்ததெல்லாம் தரையில் சிதறிவிட்டது.

பக்கத்தில் இருந்தவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அக்கா, உங்க மேல நம்ம மலைச்சாமி சேர்வராயன் வந்துட்டாருங்க" என்றாள். எனக்குப் பயத்திலும் வாய் அடங்காது. "சாமி வந்தா முழுசா வரும்டி, ஒத்தைக் கையில மட்டுமா வரும்?" என்றேன்.

சேலத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் சின்னதாக ஒரு கட்டி, வலது கையை இயக்கும் இடத்தை ஒட்டியே இருந்தது. எடுத்தே ஆக வேண்டும்; கொஞ்சம் பிசகினால் கை போய்விடும்.

"அதனால உங்களை முழிச்சிருக்க வெச்சேதான் ஆபரேஷன் பண்ணணும்மா. மூளைக்கு வலி தெரியாது" என்றார் டாக்டரம்மா. மண்டைத் தோல் மரத்துப்போக ஊசி போடுவார்களாம். அவர் மூளையில் அங்கங்கே லேசாக மின்சாரம் வைத்துப் பார்ப்பாராம். நான் கையில் ஒரு பந்தை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டுமாம். எங்கே வைக்கும்போது கை நிற்கிறதோ, அந்த இடத்தில் கத்தி படாது.

என் வீட்டுக்காரர் வெலவெலத்துப் போனார். எனக்கு வேறு யோசனை. "ஏனுங்க டாக்டர், பந்து அமுக்கறது நம்ம பொழப்பு இல்லீங்க. கொட்டை பொறுக்கறதுதான். அதையே வெச்சுப் பாருங்களேன்" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கொட்டை கொண்டுவரச் சொல்லி, அதைக் கிருமி போகச் சுத்தம் பண்ணவும் ஏற்பாடு செய்தார்.

ஆபரேஷன் அன்று தலையை அசைக்க முடியாதபடி பிடித்து வைத்திருந்தார்கள். கைக்குப் பக்கத்தில் தட்டு. பின்னால் அவர்கள் வேலை, முன்னால் என் வேலை. ஓரிடத்தில் கை அப்படியே நின்றுவிட்டது. எடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன், விரல் கேட்கவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. கருவியை எடுத்ததும் கை மறுபடியும் ஓடியது.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு கூத்து. விரல் ஓடுகிறது, கொட்டையையும் எடுக்கிறது. கூடவே இருந்த நர்ஸ், "கை நல்லாத்தான் வேலை செய்யுதுங்க" என்றார். எனக்கோ விரலுக்கு நடுவில் கொட்டை இருப்பதே தெரியவில்லை. "இல்லீங்க! கை ஓடுது, ஆனா தொட்ட மாதிரியே தெரியலீங்க!" என்று கத்தினேன். டாக்டரம்மா கருவியை எடுத்தார், உணர்வு வந்தது. மறுபடி வைத்தார், போய்விட்டது. "அப்ப இந்த இடத்தையும் நான் தொடலை" என்றார்.

கட்டியில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். ஓரத்தில் துளி பாக்கி இருக்கிறது; அதற்கு மருந்தும் அவ்வப்போது ஸ்கேனும் உண்டு. ஆனால் கை என் கையாகவே இருக்கிறது. அடுத்த சீசனுக்கே கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கை ஓடுறதை நாங்க பார்க்கலாம். உங்களுக்கு உள்ள என்ன தெரியுதுன்னு நீங்க சொன்னாத்தாம்மா உண்டு. அதுக்கு எங்ககிட்ட மெஷின் இல்லை" என்றார். ஆபரேஷனை வீடியோ எடுத்திருந்தார்களாம்; அதை டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமா, முகம் தெரியாமல் மறைத்துவிடுகிறோம் என்று கேட்டார். "எதுக்குங்க மறைக்கோணும்? நல்லாவே தெரியட்டும்" என்றேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

என் மூளையைத் திறந்து பார்த்தது அத்தனை பெரிய படிப்பு படித்தவர்கள். ஆனால் உள்ளே நான் எப்படி இருக்கிறேன் என்பதை என்னைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள் என்ற பெருமையில், இன்றைக்கும் நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடக்கிறேன்.