பொடி மீன் ஆய்கிறவள் பார்த்தது

மீன் ஆய்கிற வேலையில் ஒரு வசதி உண்டு: தின்கிறவர்கள் பார்க்காத இடத்தையெல்லாம் நாம் பார்த்துவிடலாம்.

கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டில் அருவாமனை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பெரிய மீன் என்றால் நாலு வெட்டில் முடிந்துவிடும். பொடி மீன்தான் இடுப்பை ஒடிக்கும். உங்கள் வீட்டில் நெத்திலி ஆய்கிற கை யாருடையதோ, அவருக்கு நான் விளக்கவே வேண்டாம்.

நெத்திலியின் குடும்பம்

கம்பெனிக்குப் போகிற செல்வி ஒரு கிலோ நெத்திலியோடு வந்தாள். தலையைக் கிள்ளிக் குடலை இழுத்தால், பாதி மீன்களின் வயிற்றில் முட்டை. விரல் நீளம்கூட இல்லாத மீன்! அது ஒரு வருஷம் உயிரோடு இருந்தாலே பெரிசு. அதற்குள் வளர்ந்து, கூட்டத்தோடு சுற்றி, முட்டையும் போட்டுவிட வேண்டும். ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். செல்வி குனிந்து பார்த்தாள்.

"இத்தினூண்டு இருந்துக்கினு தனியா குடும்பம் நடத்துது பாருக்கா. எங்க ஊட்டுக்காரரு இன்னா கேட்டாலும் அம்மாவ கேட்டுச் சொல்றேன்றாரு."

வாய் திறக்காத அப்பா

இரும்புக் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் கடல் கெளுத்தி வாங்கி வந்தார். தலையை வெட்டியதும் வாயிலிருந்து கோலி குண்டு மாதிரி முட்டைகள் உருண்டு விழுந்தன. "இன்னாம்மா இது, கண்டதையும் தின்ன மீனா? எனக்கு வேணாம்" என்று கத்தினார். மீனை விற்ற மேரி பழவேற்காட்டுக்காரி. அவளுக்கு முகம் விழுந்துவிட்டது.

நான் வயிற்றைக் கீறிக் காட்டினேன். குடல் வெறுமையாக ஒட்டிக் கிடந்தது. "தின்னல சார், காவல் காத்துக்கினு இருந்துச்சு" என்றாள் மேரி. "இது ஆம்பள மீனு. பொம்பள மீனு முட்ட போட்டதும் இது வாயில அள்ளி வெச்சுக்கும். குஞ்சு பெரிசாகி வெளிய போற வரைக்கும் பட்டினிதான்."

அவர் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. முட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். போன மாதம்தான் அவருக்குக் குழந்தை பிறந்திருந்ததாம்.

"நான் ஒரு வாரம் லீவு கேட்டதுக்கே ஆபீஸ்ல பேஜாரு பண்ணாங்கம்மா" என்றார்.

மினுங்கிய காரப்பொடி

மழை கருத்துக்கொண்டு வந்த ஒரு சாயங்காலம். கரண்ட் போனது. மேரியின் கூடையிலிருந்த காரப்பொடி மீன்கள் நீலமாக மினுங்கின. யாரோ, "ஐயோ, கம்பெனி கெமிக்கல் கலந்த மீனு!" என்று கத்த, வாங்கினவர்களும் திருப்பிக் கொடுக்க வந்துவிட்டார்கள். "எங்க ஆயா காலத்துலருந்து இது மினுங்குது. ராத்திரி படகுல பாத்திருக்கோம்" என்று மேரி தொண்டை கிழியச் சொன்னாள். யார் கேட்டார்கள்? அன்றைய கூடை முழுக்கக் குப்பைக்குத்தான் என்று அவள் கண் கலங்கிவிட்டது.

காரப்பொடியின் தொண்டையைச் சுற்றி ஒரு சின்னப் பை இருக்கிறதாம். வெளிச்சம் தருகிற கிருமிகள் அதில் குடியிருக்கின்றனவாம். மீன் படிப்பு படிக்கிற ஒரு பெண் பிறகு சொல்லித்தான் எனக்கே தெரியும். அன்றைக்கு வாய் திறந்தவர் கெமிக்கல் கம்பெனியில் வேலை செய்கிற ஒரு பெரியவர். பையை நீட்டி, "எனக்கு ரெண்டு கிலோ போடு" என்றார். கூட்டம் அவரை முறைத்தது.

"கெமிக்கல் கலந்தா மீனு மினுங்காதுப்பா, மெதக்கும்."

நடந்து போன மீன்

ஏரி நிரம்பி வழிகிற நாட்களில் பனையேறிக் கெண்டை உயிரோடு வரும். பிகாஷ் என்கிற வங்காளப் பையன், சிப்காட்டில் வெல்டர், தன்னோடு அறையில் தங்கியிருப்பவர்களுக்குச் சமைக்க ஆசையாக வாங்கி என் அலுமினியச் சட்டியில் விட்டான். ஒரு மாடு சட்டியைத் தட்டிவிட்டது. மீன்கள் துடித்துச் சாகும் என்றுதானே நினைப்போம்? செவுள் மூடியில் ரம்பம் மாதிரி இருக்கும் முள்ளைத் தரையில் ஊன்றி, உடம்பை வளைத்து வளைத்து, ரோட்டில் நடக்கத் தொடங்கிவிட்டன! இந்த மீனுக்கு வெளிக்காற்றையும் மூச்சாக இழுக்கத் தெரியும்.

எதிரே ஆட்டோ. பிகாஷ் நடுரோட்டில் மண்டியிட்டு, கையை நீட்டி நிறுத்தினான். தலையிலிருந்த மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றி மல்லாத்தி, அதில் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டான். ஆட்டோக்காரரும் திட்டிக்கொண்டே இறங்கி, கையில் முள் குத்தக் குத்தப் பொறுக்கிக் கொடுத்தார். கடைசி மீன் சாக்கடை ஓரம் வரை போயிருந்தது. அதை எடுத்துத் துடைத்தபடி பிகாஷ் சிரித்தான்.

"அக்கா, இது எங்க ஊர்லயும் இருக்கு. தண்ணி இல்ல, நடக்குது. நாங்க மாதிரி."

இப்படி மீனைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டே வெட்டுவதால்தான், மார்க்கெட்டிலேயே மெதுவாக ஆய்கிறவள் என்று எனக்குப் பெயர்.