கரட்டுப் பாதைக்குப் பூக் கேட்டோம்

எங்கள் ஊருக்கு மேற்கே இருக்கிற கரட்டில் என் மகள் சைக்கிள் பாதை போட்டாள். கரடு என்றால் சின்ன மலைதான். பெரிய மலை அதற்கும் அங்கிட்டு, காட்டிலாகாவுக்குச் சொந்தமானது. புலி இருக்கிற காடு, யாரையும் உள்ளே விடமாட்டார்கள். எங்கள் கரடு அதன் காலடியில் தனியாகக் கிடக்கிறது. உச்சியில் கருப்பசாமி நிற்கிறார். தெற்குச் சரிவைக் கல் குவாரி தின்றுவிட்டது. வடக்கே செங்குத்துப் பாறை. ஏறி இறங்க மிச்சம் இருந்தது கிழக்குச் சரிவு ஒன்றுதான். சாமி கும்பிடப் போகிற பாதையும் அதில்தான் போகிறது.

அந்தச் சரிவு முடிகிற இடத்தில் என் புஞ்சை. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வெறும் மண். அதனால்தான் என் வீட்டுக்காரி கல்யாணமான மறுவருசமே பட்டாசு கம்பெனி வேனில் ஏறினாள். சிவகாசிப் பக்கம் ஒரு கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்துகிற வேலை. ஒரு நாள் ரூமில் தீப்பிடித்து அவள் வலது கை வெந்துபோயிற்று. கருப்பன் உயிரோடு கொடுத்தார், அதற்கு இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சோறு பிசைய முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்றைக்குத் தொட்டிலில் கிடந்த மகளைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இவ அந்த வேன்ல ஏறக் கூடாது. அம்புட்டுத்தான்."

ஏறமாட்டாள் என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்து கொடுத்தேன். பிறகு நான் கம்பெனிக்கு லோடு ஏற்றப் போனேன். பெட்டி தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போயிற்று. குனிந்தால் நிமிர முடியாது. ஆனாலும் மகளைக் காலேஜ் வரைக்கும் படிக்கவைத்தோம்.

அவள் படிப்பை முடித்த வருசம்தான் மதுரையிலிருந்து சைக்கிள்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தார்கள். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங், தலையில் ஹெல்மெட். ஆட்டுத்தடத்தில் ஏறி, விழுந்து, முட்டி பெயர்ந்து, என் கிணற்றடிக்குத் தண்ணீர் கேட்டு வருவார்கள்.

"ஏந்தம்பி, நல்ல ரோடு கெடக்கே, அதுல ஓட்டுனா ஆகாதா?" என்று ஒருவரிடம் கேட்டேன்.

"ரோட்டுல லாரிக்காரன் தள்ளிவிடுவான்ண்ணே. இங்க நாங்களே விழுந்துக்குவோம்" என்றார்.

அவர்கள் எந்த இடத்தில் விழுகிறார்கள் என்று மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு பின்னால் போனேன். வளைவுகளில் வெளிப்பக்கம் மண்ணை உயர்த்தி மெத்தினோம். வேகமாக வருகிறவர் சரிவில் உருளாமல் அந்த மண்ணில் சாய்ந்தே திரும்பிவிடலாம். மழைத் தண்ணீர் தடத்தை அறுத்துவிடாமல் குறுக்கே கல் பதித்து ஓரமாக வழிவிட்டோம். உடைமுள்ளை அவள் உட்கார்ந்து உட்கார்ந்து பொறுக்கினாள். வந்தவர்களில் ஒருவர் தன் பழைய சைக்கிளை எங்கள் வீட்டிலேயே விட்டுப்போனார். அதில் பழகி, கொஞ்ச நாளில் அவர்களுக்கே முன்னால் போய் வழிகாட்டுகிறவள் ஆனாள்.

சைக்கிள் தடம் இரண்டு இடத்தில் சாமி பாதையைக் கடக்கும். அங்கே யாராக இருந்தாலும் இறங்கி, ஷூவைக் கழற்றி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்று சட்டம் வைத்திருந்தாள். பெரிய பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள் சுடுகல்லில் தத்தித் தத்திப் போவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். என் வீட்டுக்காரி இடது கையாலேயே எல்லோருக்கும் பொங்கிப் போட்டாள். வந்தவர்கள் கொடுத்ததில் எங்கள் மூன்று பேர் பாடு கழிந்தது. வேன் ஹாரன் கேட்டால் என் வீட்டுக்காரி நெஞ்சைப் பிடித்துக்கொள்வது அப்போதுதான் நின்றது.

போன வருசம் மழைக்காலத்துக்கு முன்னால், தீபாவளி சீசன் வேலை மும்முரமாக நடக்கும்போது, எங்கள் ஊர் ஆட்கள் போகிற கம்பெனி ஒன்றில் வெடித்தது. மூன்று வீடுகளில் பந்தல் போட்டார்கள். ஒன்று என் பங்காளி வீடு. எனக்குத் தம்பி முறை. அவன் பெண்சாதி போய்விட்டாள். கருமாதி முடிந்த கையோடு ஊர் கூடியபோது அவன்தான் எழுந்தான்.

"கருப்பன் நடமாடுற மலையில சக்கரத்த உருட்டுனா சும்மா விடுவாரா? வருசக்கணக்கா இல்லாத வெடி இப்ப ஏன் வெடிச்சுச்சு?"

ஓர் இளவட்டம் வாயைத் திறந்தான். "கம்பெனியில வெடிச்சதுக்குச் சைக்கிள் என்ன செய்யும் சித்தப்பா?"

"நீ பொத்திக்கிட்டு இருலே. ஒன் வீட்டுல எளவு விழுந்தாத் தெரியும்."

இளவட்டம் உட்கார்ந்துவிட்டான். தம்பி மேல் எனக்குக் கோபமே வரவில்லை. எதையாவது குற்றம் சொல்லாமல் அவன் எப்படித் தூங்குவான்? நான்தான் எழுந்து சொன்னேன்.

"நம்ம பேசித் தீர்க்க வேணாம். சாமிகிட்டயே பூக் கேட்டுருவோம்."

வெள்ளை அரளியை ஓர் இலையிலும் சிவப்பு அரளியை ஓர் இலையிலும் ஒரே மாதிரி மடித்துக் கட்டிச் சாமி காலடியில் போடுவோம். விவரம் தெரியாத பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் ஆகாது. கிணறு வெட்டவும் கல்யாணம் பேசவும் எங்கள் ஊரில் கேட்டுத்தான் செய்வோம். நான் பயந்து அதைச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரியை நெருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் என் மகளைக் கைவிடமாட்டார் என்கிற நிச்சயத்தில் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் கரடு ஏறினோம். பூசாரி இலைகளைக் கட்டிப் போட்டார். அவருடைய பேத்தி, பால்பல் விழாத பிள்ளை, குனிந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். பூசாரி நாரை அவிழ்த்தார். சிவப்பு.

என் வீட்டுக்காரி சத்தம் போட்டு அழவில்லை. ஒட்டிப்போன அந்தக் கையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். அதைப் பார்த்துத் தம்பிக்கே தாங்கவில்லை. அவன் முகம் கோணிக்கொண்டது.

"அண்ணே, மதினி அழுகுறாக. வேணும்னா இன்னொருக்கக் கேப்போம். நான் ஒண்ணும் சொல்லலண்ணே" என்றான்.

"ஊரு சம்மதிச்சாக் கேக்கலாம்" என்றார் பூசாரி.

ஊர் சம்மதித்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மகள் சாமியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம்" என்றேன். "சொல்லிட்டாரு."

வேறு என்ன சொல்வேன்? நமக்குப் பிடித்த பதில் வருகிற வரைக்கும் கேட்டால் அது சாமியிடம் கேட்டதாகுமா? முதலில் வந்தது அவர் வாக்கு இல்லை என்றால் இரண்டாவதாக வருவது மட்டும் எப்படி அவர் வாக்காகும்? என் வீட்டுக்காரியை உயிரோடு கொடுத்தவரும் அவர்தானே, அதை மட்டும் நம்பி இதை நம்பாமல் இருக்க முடியுமா? இன்றைக்குக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுவேன்.

இறங்கி வரும்போது மகள் என் பக்கத்தில் நடந்தாள்.

"அப்பா, சாமி ஆகாதுன்னு சொல்லுச்சா, இல்ல அந்தப் புள்ள கைக்கு எது பக்கத்துல கெடந்துச்சோ அதை எடுத்துச்சா?"

"அந்தப் புள்ள கையில அவருதான் தாயி இருந்தாரு."

"சரிப்பா" என்றாள். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் அவளே மண்வெட்டியை எடுத்தாள். தெரியாமல் யாராவது வந்து வேகமாக இறங்கினால் விழுந்துவிடுவார்கள் என்று, மெத்திவைத்த வளைவுகளை ஒவ்வொன்றாக வெட்டிச் சரித்தாள். தடத்தின் வாயில் உடைமுள்ளை வெட்டிப்போட்டு அடைத்தாள். எந்த முள்ளை எல்லாம் பொறுக்கிப் போட்டாளோ அதே முள். மதுரைக்காரர்களுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொன்னாள். பழைய சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, கொடுத்தவரிடமே ஒப்படைத்தாள்.

பிறகு விருதுநகரில் பருப்பு மண்டிகளில் கணக்கு எழுத வேலை கேட்டு அலைந்தாள். ஆள் இருக்கிறது என்றார்கள். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் சேர்த்துக்கொண்டு, சீசன் முடிந்ததும் நிறுத்திவிட்டார்கள். மழை இரண்டு தடவை கூடி வந்து கலைந்தது. விதைத்த சோளம் முளைக்கவே இல்லை. ஒருநாள் சாயந்தரம் கம்பெனி ஏஜெண்ட் எங்கள் வாசலில் நின்று அவளோடு பேசிவிட்டுப் போனார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"ஒங்களால தூக்க முடியாதுப்பா. அம்மாவால பிடிக்க முடியாது. நானும் சும்மா இருந்தா?"

சத்தியத்தைச் சொல்லித் தடுத்தேன். அது நீங்கள் செய்த சத்தியம், நான் செய்யவில்லை என்றாள். என் பாவம் என்னோடு போகட்டும், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

அவள் போகிற முதல் நாள் காலையில் என் வீட்டுக்காரி வாசலில் வைத்து அவள் தலையைச் சீவிவிட்டாள். மருந்து இருக்கிற இடத்தில் இரும்பு உரசக் கூடாது, கொண்டையூசிகூட ஆகாது. தலையில் கை விட்டுத் துழாவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். பழக்கத்தில் மகள் செருகியிருந்த ஊசிகளை இவள் இடது கையால் ஒவ்வொன்றாக உருவினாள். வேன் வந்து நின்றது. ஏறினாள். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், எங்களுக்காக.

வேன் போனதும் என் வீட்டுக்காரி அந்த ஊசிகளை என் உள்ளங்கையில் கொட்டினாள்.

"போங்க. ஒங்க சாமிகிட்டப் போயிக் கேளுங்க, சாயந்தரம் திருப்பித் தருவாரான்னு."

கேட்கிறேன். காலையில் வேன் கிளம்பினதிலிருந்து அது திரும்பி வந்து கதவு திறக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பூப் போட்டு இல்லை. அதற்கு எனக்குத் தைரியம் இல்லை.