முழங்கையில் சுற்றிய வயர்

எங்கள் சபைச் செயலாளர் பொய் சொன்னார். ஈஸ்டர் ஆராதனையில் கிட்டார் வாசித்த டீச்சர் வேண்டுமென்றே வயரைப் பிடுங்கிப் பாட்டைக் கெடுத்தார் என்று சபைக் கூட்டத்தில் அவர் சொன்னது பொய். அந்த வயர் இப்போது என் மேசைமேல் கிடக்கிறது. நீளமான கறுப்பு வயர். மேல்தோலில் ஒரு கீறல் கிடையாது. அதனால்தான் பொய் இவ்வளவு சுலபமாக நின்றது.

டீச்சர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர். தரங்கம்பாடியிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் வந்துவிடலாம் எங்கள் ஊருக்கு. ஆலயத்தின் பாடகர் குழுவில் அவர் கிட்டார், நான் கீபோர்டு. இனிமையான மனுஷி என்று சொல்ல மாட்டேன். யாராவது சுருதி விலகினால் பாட்டை நிறுத்திவிட்டு முறைப்பார். போதகரின் மனைவிக்கும் அதில் விலக்கு இல்லை. வயர் விஷயத்தில் இன்னும் மோசம். பிளக்கைப் பிடித்துக் கழற்றாமல் வயரைப் பிடித்து யாராவது இழுத்துவிட்டால், "கன்னுக்குட்டியையும் வாலைப் பிடிச்சுத்தான் இழுப்பீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார்.

பாட்டு முடிந்து நாங்கள் டீ குடிக்கப் போகும்போது அவர் தரையில் உட்கார்ந்து வயர்களைச் சுருட்டுவார். ஒரு சுற்றை மேலாக விட்டால், அடுத்த சுற்றைக் கையைத் திருப்பி உள்பக்கமாக விடுவார். அப்படி மாற்றி மாற்றிச் சுருட்டினால் உள்ளே முறுக்கு ஏறாது. அடுத்த வாரம் ஒரு முனையைப் பிடித்து வீசினால் சிக்கில்லாமல் நேராகப் போய் விழும். வளையம் பெரிதாக இருக்கும். கிழிந்த சேலைக் கரையால் தளர்வாக ஒரு கட்டுப் போடுவார். கடற்காற்றில் பிளக்கில் பச்சை பூத்துவிடும் என்பதால் அதைத் துடைத்த பிறகுதான் வயர் மூடிபோட்ட பெட்டிக்குள் போகும். நாங்கள் சிரிப்போம். எங்கள் குழுவில் வயர் கெட்டுப் பாட்டு நின்றதில்லை என்பதை யாரும் யோசித்ததில்லை.

அந்த ஈஸ்டருக்கு முன்னால் வந்த அறுப்பின் பண்டிகைக்கு டீச்சர் ஊரில் இல்லை. தஞ்சாவூரில் ஒரு கல்யாணம். காணிக்கையாக வந்த நெல் மூட்டைகளை ஏலம் விட்டு முடித்த பிறகு, செயலாளரே நின்று எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். சோம்பேறி இல்லை அவர். அதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல விவசாயி. எங்கள் பக்கத்தில் கயிற்றைக் கையில் வாங்கினால், உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் போட்டு இறுக்கிச் சுற்றி, மிச்ச முனையால் சுருளின் இடுப்பில் ஒரு முடிச்சுப் போட்டு ஆணியில் மாட்டுவோம். மாட்டுக் கயிறு, வண்டிக் கயிறு எல்லாம் அப்படித்தான் தொங்கும். கயிற்றுக்கு அது சரி. அவர் வயர்களையும் அப்படியே சுற்றி, பிளக்கின் கழுத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டு, ஆலயத்தின் பின்னறை ஆணியில் மாட்டிவிட்டார்.

அடுத்த ஞாயிறு டீச்சர் அதைப் பார்த்தார்.

"யாருங்க இப்படிக் கட்டினது?"

"நான்தான் டீச்சர். அவுழாம நிக்கும் பாருங்க," என்றார் செயலாளர், பெருமையாக.

"அண்ணே, நீங்க உங்க மாட்டைக் கட்டுங்க. வயரைக் கட்டாதீங்க."

குழுவே சிரித்தது. செயலாளர் முகம் கறுத்துப் போனது. "வைக்கோல் பிரி திரிச்ச கை இது. எனக்குக் கட்டச் சொல்லித் தர்றீங்களா?" என்றார். டீச்சர் முடிச்சுகளை அவிழ்த்து, வயர்களை வெயிலில் நீட்டிப் போட்டு முறுக்கு எடுத்தார். மற்றவை தேறின. நீள வயர் மட்டும் கிட்டாரில் மாட்டி அசைத்தால் இரைந்தது. "இதுல உள்ள கம்பி போயிட்டிருக்கு அண்ணே. ஈஸ்டருக்குள்ள வேற வாங்கிடுங்க," என்றார். செயலாளர் அதைக் கையிலிருந்து வாங்கிப் பெட்டியில் போட்டார். "நல்லாத்தானே பாடுது? சபைப் பொருளைக் கழிச்சுக் கட்ட நீங்க யாரு?" நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஈஸ்டர் வந்தது, புது வயர் வரவில்லை. நாங்கள் நிற்கும் இடத்திலிருந்து ஆம்ப்ளிஃபயர் வரை எட்டுவது அந்த நீள வயர் ஒன்றுதான். விடியற்காலை ஆராதனை, ஆலயம் நிறைய ஜனம். இரண்டாவது சரணத்தில் கிட்டார் சத்தம் நின்றது. உடனே ஸ்பீக்கரில் கடுகு வெடிப்பது போல வெடித்தது. குழந்தைகள் அலறின. டீச்சர் பிளக்கைப் பிடுங்கினார், வெடிப்பு நின்றது. கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கடைசி வரி வரைக்கும் பாடினார்.

ஜனங்கள் பார்த்தது அவர் பிடுங்கியதை மட்டும்தான். செயலாளருக்கு அது போதுமாக இருந்தது. "எல்லாரும் கண்ணால பாத்தீங்க. எம்மேல இருக்குற கோவத்துல ஆண்டவர் பண்டிகையைக் கெடுத்துட்டாங்க," என்று சபைக் கூட்டத்தில் மைக்கில் சொன்னார். நான் எழுந்து, வயர் முன்னாலேயே கெட்டது என்றேன். "உக்காருங்க தம்பி, வெட்டிப் பாத்தீங்களா?" என்றார். நான் உட்காரவில்லை, ஆனால் மைக் அவரிடம் இருந்தது. டீச்சரைக் குழுவிலிருந்து விலகச் சொன்னார்கள். டீச்சர் பின்னறைச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். மாற்றல் வாங்கிக்கொண்டு மன்னார்குடிப் பக்கம் போய்விட்டார். பண்டிகையைக் கெடுத்தவர் என்றுதான் இன்றைக்கும் எங்கள் ஊரில் அவருக்குப் பெயர்.

போன மாதம் போனில் பேசினேன். "விடுங்க தம்பி," என்றார். "அந்த வயரைத் தூக்கிப் போட்டுட்டாங்களா? போடலைன்னா முனையை வெட்டிட்டு வேற பிளக் வைங்க. மிச்சம் ஓடும்." அவமானத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவருக்கு வயர்தான் கவலை.

வயரை எடுத்து வந்து வெட்டினேன். முடிச்சு விழுந்த கழுத்தில், கறுப்புத் தோலுக்குள்ளே, செப்புக் கம்பிகள் முறுக்கி முறுக்கி ஒவ்வொன்றாக அறுந்திருக்கின்றன. ஒரு இழுப்பில் அறுந்ததல்ல அது. வேறு பிளக் பற்றவைத்தேன். மீதி வயர் சுத்தமாகப் பாடுகிறது. டீச்சர் சுருட்டுகிற மாதிரியே சுருட்டி, மேசைமேல் வைத்திருக்கிறேன். வெட்டிய துண்டு பக்கத்தில் கிடக்கிறது.

வருகிற ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் அந்தத் துண்டைக் கொண்டுவருகிறேன். யார் வேண்டுமானாலும் கையில் வாங்கிப் பார்க்கலாம். செயலாளர் அவர்களே, வெட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டீர்கள், வெட்டிப் பார்த்துவிட்டேன். இனி நீங்கள் அதே மைக்கில், அதே ஜனங்களுக்கு முன்னால் சொல்லுங்கள்: டீச்சர் பிளக்கைப் பிடுங்குவதற்கு முன்னாலேயே சத்தம் நின்றதா, இல்லையா?