நடந்து போன தண்ணீர்

ஏழு பேர்ச் துண்டுக் காணியில் எங்களுக்கென்று ஒரு வீடு எழும்பியபோது அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். கக்கூஸ் வேலை முடியாமல் அந்த வீட்டில் பால் காய்ச்ச மாட்டாராம். அம்மாவும் அப்பாவும் வேலை செய்த தேயிலைத் தோட்டம் மலைநாட்டில் வட்டகொடைக்கு மேலே இருந்தது. பக்கத்துக் காணிக்காரர்கள் எல்லாம் கூரை போட்ட கையோடு லயத்தின் வரிசை அறைகளை விட்டுக் குடிபோய்விட்டார்கள். "கக்கூஸ் என்ன ஓடியா போகுது, மெதுவா கட்டிக்கலாம்" என்று அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அம்மா கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்து பறிக்கப் போய்விட்டார். பேச்சின் நடுவில் அம்மா கூடையைத் தூக்கினால் அப்பா தோற்றுவிட்டார் என்று அர்த்தம்.

பால் காய்ச்ச வெள்ளிக்கிழமை குறித்தாகிவிட்டது. மேசன் வந்து வெள்ளைக் கோப்பையைப் பதித்தார், வெளிச்சுவரில் கை கழுவ ஒரு பேசினும் மாட்டினார். இரண்டிலிருந்தும் குழாய் இறக்கி, பேரிக்காய் மரத்தடியில் வெட்டியிருந்த மலக்குழிவரை கொண்டுபோக வேண்டியதுதான் பாக்கி. அதைத் தானே செய்வதாக அப்பா மேசனை அனுப்பிவிட்டார். "இந்தத் தோட்டத்துல பாதிக் கான் நான் வெட்டினது. எனக்கு இன்னொருத்தன் வந்து பைப்பு போட்டுத் தரணுமா?"

அது வெறும் பெருமையில்லை. மழைத் தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு போகாதபடி, சாய்வு இருப்பதே தெரியாமல் தேயிலை மலையில் கான் என்கிற வடிகால் வெட்டுவதில் அப்பா கெட்டிக்காரர். "தண்ணி ஓடக் கூடாது, நடக்கணும்" என்பார். அதே கையால் குழாய்க்கும் வெட்டினார். நேரே இறங்காமல் மலையைச் சுற்றிக்கொண்டு போன அந்தக் கானின் அழகைப் பார்க்க லயத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு தேங்காய்கூட உடைத்தோம்.

புதன்கிழமை சோதனை. தண்ணீர் வந்ததும் கத்த வேண்டும் என்று என்னைக் குழியருகே நிறுத்தினார்கள். அப்பா மேலே ஒரு வாளி ஊற்றினார். எனக்குக் கால் வலித்த பிறகு, மனமில்லாததுபோல் தண்ணீர் வந்தது. "வந்திருச்சுப்பா!" அப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

அம்மா காய்ந்த ரொட்டித் துண்டொன்றைப் பிய்த்துக் கோப்பையில் போட்டு, மறுபடி ஊற்றினார். தண்ணீர் வந்தது, ரொட்டி வரவில்லை. இன்னும் இரண்டு வாளிக்குப் பிறகு தண்ணீரும் வராமல் கோப்பையிலேயே மேலேறி நின்றது.

"கானுலதாங்க மண்ணு நிக்கணும். இதுல என்னத்த நிக்க வைக்கப் போறீங்க?" என்றார் அம்மா.

அப்பா கான் கரையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது. மறுநாள் வேலைக்குப் போகாமல், மண்ணைப் பெயர்க்கும் அலவாங்கை எடுத்து, தன் கையால் வெட்டியதைத் தானே மூடி, புதிதாக நல்ல சரிவாக ஒன்றை வெட்டி, குழாயை அதில் மாற்றிப் போட்டார். சாயங்காலம் ரொட்டித் துண்டு என் காலடியில் பொத்தென்று விழுந்தது. நான் போட்ட கூச்சல் லயம்வரை கேட்டதாம்.

வெள்ளிக்கிழமை பால் பொங்கியது. வந்தவர்கள் எல்லாரும் தேவையிருந்தாலும் இல்லாவிட்டாலும் பேசினில் கை கழுவினார்கள். அவர்கள் போனதும் அம்மா வாளியோடு புதுக் கக்கூஸுக்குக் கிளம்பினார், வழக்கம்போல நானும் பின்னால் போனேன். லயத்துப் பொதுக் கக்கூஸ் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. துணைக்குப் போகிறவர் வெளியே நின்று பலகையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு எப்போதும் நான்தான் பிடிப்பேன். மழையும் குளிரும் தாங்காமல் "சீக்கிரம் வாம்மா" என்று நச்சரித்துக்கொண்டே பிடிப்பேன்.

"நீ போ பாப்பா. தாப்பா போட்டுட்டேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நான் போகவில்லை. அம்மா வெளியே வருவதாகவும் இல்லை. பயந்துபோய், "அடைச்சுக்கிச்சாம்மா?" என்று கத்தினேன். அப்பா அலவாங்கோடு ஓடிவந்தார். உள்ளே அம்மா சிரித்தார்.

"ஒன்னுமில்ல. சும்மா உக்காந்திருக்கேன். ரெண்டு பேரும் போங்க."

எனக்குக் கோபமாக வந்தது. சும்மா உட்கார இவ்வளவு பெரிய வீட்டில் வேறு இடமா இல்லை என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அவசரப்படுத்த நான் வாசலில் நிற்காமல் அம்மா உட்கார்ந்த முதல் பொழுது அதுதான் என்று எனக்கு அப்போது தெரியாது.